சல்சா வகுப்பில் விசுவாசி சேரலாமா?

தியானப்பகுதி: லூக்கா 15:11-32



இவ்வாரத் தியானத்தின் தலைப்பு உங்களில் சிலருக்கு வியப்பையும் சிலருக்கு வருத்தத்தையும் அளிக்கக்கூடும். நம் பேட்டையின் சமூக மன்றத்தில் தொடக்கநிலைச் சல்சா நடன வகுப்பு நடைபெறவிருப்பதாக அடுக்குமாடிகளின் மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டப்பட்ட நாள்முதல், சபையாரில் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகின்றனர்: “ஐயா, விசுவாசி இதில் சேரலாமா?” கேட்டவர்களுள் திருமணமாகி முப்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு தம்பதியர் உண்டு. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து தனியே தங்கியிருக்கும் ஓர் இளைஞர் உண்டு. கணவரை இழந்து நான்கு ஆண்டுகளாகத் தனித்து வாழும் ஒரு தாயாரும் உண்டு. சேரக்கூடாது என்று நான் உடனே அறிவிக்க வேண்டுமென விரும்பிய மூப்பர் ஒருவரும் உண்டு. இவர்கள் யாவரும் கர்த்தரை நேசிப்பவர்கள். ஆகையால் கேள்வியை மேலோட்டமாகக் கடந்துசெல்லாமல், வேத வெளிச்சத்தில் என் கருத்தை வெளிப்படையாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது, மூப்பரின் அச்சத்தை நாம் இகழ்ச்சியாக எண்ணலாகாது. அதற்கு வரலாறு உண்டு. நம் முன்னோர் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் சதிர் நடனம் ஆடிய பெண்கள் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டப்பட்டு, செல்வந்தரின் ஆதரவில் வாழவேண்டிய நிலையில் இருந்தனர். 1890-களில் இந்து சமூகச் சீர்திருத்தவாதிகளும் கிறிஸ்தவ மிஷனெரிகளும் அந்நடன நிகழ்ச்சிகளைப் புறக்கணிக்கும்படி இயக்கம் நடத்தினர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுநாள் போராட்டத்துக்குப் பின் 1947-ஆம் ஆண்டில் தேவதாசி முறையைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஆடலை விட்டு விலகியிருப்பதே பெண்ணின் கண்ணியத்தைக் காப்பது என்று நம் பாட்டன் பாட்டிமார் நம்பியதற்கு இத்தகைய பின்னணி உண்டு. சுரண்டலுக்கு எதிராக நின்ற மனச்சாட்சியை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

மேனாட்டுத் திருச்சபையிலும் இதற்கு இணையான ஒரு மரபு உண்டு. அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை 1872-ஆம் ஆண்டில், விசுவாசிகள் தவிர்க்கவேண்டிய கேளிக்கைகளைத் தன் ஒழுங்குமுறை நூலில் பெயர் குறிப்பிட்டுப் பட்டியலிட்டது. நாடக அரங்கு, குதிரைப் பந்தயம் ஆகியவற்றோடு நடனமும் அதில் இடம்பெற்றது. நடனப் பள்ளிக்குச் செல்வதுகூட விலக்கப்பட்டது. அச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில்தான், 1885-ஆம் ஆண்டில், அத்திருச்சபையின் மிஷனெரிகள் சிங்கப்பூரில் ஊழியத்தைத் தொடங்கினர். பின்னர் 1924-ஆம் ஆண்டில் அதே திருச்சபை அத்தடையைத் தளர்த்தி, பொறுப்பை விசுவாசியின் மனச்சாட்சியிடம் ஒப்படைத்தது. பாப்டிஸ்டுகளின் பேய்லர் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நடனத்தை 1996-ஆம் ஆண்டில்தான் அனுமதித்தது. பில்லி கிரகாம் பயின்ற வீட்டன் கல்லூரி 2003-ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. தேவபக்தியுள்ள மக்களே இக்காரியத்தில் காலத்துக்குக் காலம் வெவ்வேறு முடிவுகளை எடுத்திருக்கின்றனர் என்பதை இது காட்டுகிறது. இது இரட்சிப்பின் அடிப்படைச் சத்தியங்களைச் சேர்ந்த காரியமாக இருந்தால், அவ்வாறு நிகழ்ந்திராது.

வேதம் என்ன சொல்லுகிறது?

வேதத்தில் நடனம் இரு முகங்களோடு வருகிறது. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் தம்புருவை எடுத்துக்கொண்டு ஸ்திரீகளை நடனத்தில் வழிநடத்தினாள். தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகத் தன் முழுப் பலத்தோடும் ஆடினான். சங்கீதப் புத்தகத்தின் நிறைவில் நடனம் துதியின் வழிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. புலம்பலுக்கும் நடனத்துக்கும் தேவன் தனித்தனியே காலம் வைத்திருப்பதைப் பிரசங்கி எடுத்துரைக்கிறான்.

மறுபுறம், சீனாய் மலையடிவாரத்தில் பொன் கன்றுக்குட்டியைச் சுற்றி ஜனங்கள் ஆடியதைக் கண்டு மோசே கற்பலகைகளை எறிந்து உடைத்தான். ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் ஒரு சிறுபெண் ஆடியதைத் தொடர்ந்து யோவான்ஸ்நானனின் தலை தாலத்தில் கொண்டுவரப்பட்டது. இந்நிகழ்ச்சிகளை மூடிமறைத்து நடனத்துக்குப் பரிந்து பேச நான் விரும்பவில்லை. ஆயினும் கூர்ந்து வாசியுங்கள். சீனாயில் குற்றம் கன்றுக்குட்டியை வணங்கியதில் இருந்தது. ஏரோதின் அரண்மனையில் மூன்று பாவங்கள் ஒன்றுசேர்ந்தன: ஏரோதியாள் நெஞ்சில் வைத்திருந்த பகை, ராஜாவின் மதிகெட்ட ஆணை, பந்தியிருந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அவனுடைய கோழைத்தனம். இம்மூன்றும் நடனமே இல்லாத வீட்டிலும் குடியிருக்கக்கூடும். சபைக் கூட்டங்களிலும் தலைகாட்டக்கூடும்.

கவனிக்கவேண்டிய மற்றொரு பகுதி, கெட்ட குமாரனின் உவமை. இதை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் மூத்த மகன் வீட்டை நெருங்கியபோது அவன் காதில் முதலில் விழுந்தது என்ன என்பதைப் பெரும்பாலும் கடந்துசென்றுவிடுகிறோம். இசையும் நடனமும் அவன் காதில் விழுந்தன. கதையைச் சொன்னவர் நம் ஆண்டவர். தகப்பனுடைய வீட்டின் மகிழ்ச்சியைச் சித்திரிக்க அவர் நடனத்தைத் தேர்ந்துகொண்டார். அந்த ஓசையைக் கேட்டு மூத்த மகன் உள்ளே போக மனதில்லாமல் வெளியே நின்றான். அவன் ஒழுக்கம் தவறாதவன். பல ஆண்டுகள் உழைத்தவன். இருந்தும் தகப்பனுடைய மகிழ்ச்சியில் பங்குகொள்ள அவனால் இயலவில்லை. இவ்வுவமை சல்சா வகுப்புக்கு அனுமதிச் சீட்டு என்று நான் வாதிடவில்லை. அது மனந்திரும்புதலைப் பற்றியது. எனினும், பிறர் மகிழும் ஓசை கேட்டவுடன் முகம் சுளிக்கும் பழக்கத்தை அது நமக்குச் சுட்டிக்காட்டுகிறது என்பதில் ஐயமில்லை.

சல்சா எங்கிருந்து வந்தது?

“ஆயினும் ஐயா, அது மிரியாமின் நடனம் அன்று, அந்நிய தேசத்துக் கேளிக்கை அல்லவா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சல்சாவின் வேர் கியூபாத் தீவில் இருக்கிறது. ஸ்பானியர்கள் கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து அத்தீவில் இறக்கினர். 1886-ஆம் ஆண்டில்தான் அங்கே அடிமைமுறை முற்றிலும் ஒழிந்தது. ஆண்டுதோறும் ஜனவரி 6-ஆம் தேதி, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைப் பணிந்ததை நினைவுகூரும் திருநாளில், ஹவானா நகரத் தெருக்களில் முரசு கொட்டி ஆடிப்பாட அவ்வடிமைகளுக்கு அனுமதி இருந்தது. ஆப்பிரிக்கத் தாளமும் ஸ்பானிய நரம்பிசையும் கலந்து ‘சோன்’ என்னும் இசை அத்தீவில் உருவாயிற்று. பின்னர் மாம்போ தோன்றியது. 1960-களிலும் 1970-களிலும் நியூயார்க் நகரத்தில், போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் குடியேறிய ஏழை மக்களின் குடியிருப்புகளில், இவை யாவும் சேர்ந்து சல்சா என்ற பெயரால் அறியப்படலாயின. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் சாந்து அல்லது குழம்பு என்று பொருள். பலவகைச் சரக்குகள் கலந்து கொதித்ததால் வந்த சுவைக்கு ஏற்ற பெயர்தான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கலாகாது. கியூப இசைப் பாடல்களுள் சில, ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களது தெய்வங்களைப் போற்றுகின்றன. வேறு சில பாடல்கள் வெறும் சரீர இச்சையைப் பாடுகின்றன. ஸ்பானிய மொழி அறியாத நமக்கு அவற்றின் பொருள் விளங்காது. விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட இறைச்சியை உண்ணலாமா என்று கொரிந்து சபையார் கேட்டபோது பவுல் அளித்த ஆலோசனை இங்கே பொருந்தும். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவன் சுயாதீனமுள்ளவன். ஆயினும் ‘இது இன்ன தெய்வத்துக்குரியது’ என்று அறிந்தபின், அதில் பங்குகொள்ளாமல் விலகுவதே நல்லது. பாடலின் பொருளை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தாளம் கர்த்தருடைய பயன்பாட்டுக்கு ஆகாதது என்று எண்ணுவோர் ரிச்சி ரே, பாபி குரூஸ் ஆகிய இருவரின் சாட்சியை அறியவேண்டும். 1960-களில் நியூயார்க் சல்சா மேடைகளில் புகழின் உச்சியில் இருந்த இணை அது. 1970-களின் நடுப்பகுதியில் இருவரும் மனந்திரும்பிச் சுவிசேஷ விசுவாசிகளாயினர். பின்னர் போதகர்களாகவும் ஊழியம் செய்தனர். தாங்கள் கற்றிருந்த அதே சல்சா தாளத்தில் நற்செய்திப் பாடல்களைப் பாடினர். தாளம் எந்தப் பக்கமும் சாராத ஒரு பாத்திரம். அதில் எதை ஊற்றுகிறோம் என்பதே கேள்வி என்பதற்கு அவர்கள் வாழ்க்கை போதிய சான்று.

வகுப்பில் நடப்பது என்ன?

நடனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் திரைப்படக் காட்சிகள் சிலருடைய மனத்தில் தோன்றுகின்றன. தொடக்கநிலை வகுப்பு அப்படிப்பட்டதன்று. பிரகாசமான விளக்கொளியில், கண்ணாடி பதித்த சுவருக்கு எதிரே, வெவ்வேறு வயதினர் வரிசையாக நின்று எண்ணிக்கொண்டே காலை முன்னும் பின்னும் வைத்துப் பழகுவார்கள். சல்சாவின் அடிப்படை அடி எட்டு எண்ணிக்கை கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்றில் அடிவைத்து நான்கில் நிற்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழில் அடிவைத்து எட்டில் நிற்க வேண்டும். பிறகு ஆணும் பெண்ணுமாக இணைந்து, கைகளை மட்டும் பற்றிக்கொண்டு, இடையே இடைவெளி விட்டு அதே அடிகளைப் பழகுவார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆசிரியர் இணையை மாற்றச் சொல்வது பல வகுப்புகளில் வழக்கம். தம் கணவருடனோ மனைவியுடனோ மட்டும் ஆட விரும்புகிறவர்கள் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடலாம். நல்ல ஆசிரியர் எவரும் அதைத் தவறாகக் கொள்ளமாட்டார்.

இவ்வடிப்படைப் பாடத்தில் விசுவாசிக்கு உதவும் சிந்தனைகளும் உண்டு. புதிதாகக் கற்போர் யாவரும் செய்யும் பிழை, நான்கிலும் எட்டிலும் நிற்காமல் அவசரமாக இன்னோர் அடி வைத்துவிடுவது. நிற்பதும் நடனத்தின் ஒரு பகுதி என்பதை உடல் ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். ஆறு நாள் வேலைசெய்து ஏழாம் நாளில் ஓய்ந்திருக்கும்படி தேவன் கட்டளையிட்டும், ஓய்வுநாளையும் வேலையால் நிரப்பிக்கொள்ளும் நமக்கு இது அந்நியமான பாடம் அன்று.

இன்னொன்றும் உண்டு. சல்சா இசையின் உள்ளே ‘கிளாவே’ என்னும் ஐந்து தட்டுகள் கொண்ட ஒரு தாள அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி அதை எழுப்புவார்கள். பல பாடல்களில் அக்கட்டைகளின் ஓசை கேட்பதே இல்லை. ஆயினும் இசைக்கலைஞர் அனைவரும் அதை மனத்தில் வைத்தே வாசிக்கின்றனர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் திறவுகோல் என்றும், கட்டட வளைவைத் தாங்கும் நடுக்கல் என்றும் பொருள் உண்டு. ஆவியினாலே நடப்பதைப் பற்றிக் கலாத்தியருக்கு எழுதுகையில், ஐந்தாம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியில், பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல் வரிசை பிசகாமல் ஒத்து அடிவைத்தலைக் குறிக்கும். காதில் விழாத தாளத்துக்கு இசைந்து நடப்பதைத்தான் நாம் நாள்தோறும் பழகிவருகிறோம்.

தம்பதியருக்கு இதில் தனிப் பாடம் உண்டு. இந்நடனத்தில் வழிநடத்துபவர் ஒருவர், பின்தொடர்பவர் ஒருவர். வழிநடத்துபவர் கையை இழுத்தாலோ தள்ளினாலோ இருவருமே தடுமாறுவர். அடுத்த அடியை முன்னதாகவே எண்ணி, மென்மையாக உணர்த்தி, மற்றவர் வந்துசேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பின்தொடர்பவரும் பொம்மையைப்போல் இருப்பதில்லை; தம் காலில் தாமே நின்று, தம் எடையைத் தாமே தாங்கவேண்டும். எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கணவர் மனைவியரைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருக்கும்படி முதலில் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் திருமணத்தன்று ஒருவர் கையை ஒருவர் பற்றியதோடு, பிறர் முன்னிலையில் மறுபடியும் பற்றாத தம்பதியர் எத்தனை பேர்! பிள்ளைகள் வளர்ந்து தனிவீடு சென்றபின் பேச்சும் குறைந்து, ஒரே வீட்டில் இரண்டு வாடகைதாரரைப் போல் வாழ்வோரும் நம்மிடையே உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தவறினால் சிரித்துக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால் அவர்களுக்குத் தீங்கு விளையும் என்று நான் நம்பவில்லை.

தனிமையில் இருப்போரைப் பற்றி

இனி, நான் குறிப்பிட்ட தாயாரைப் பற்றி அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அண்டை வீட்டுச் சீன மூதாட்டியார் ஒருவர் துணைக்கு அழைத்ததால் அவர் வகுப்பில் பெயர் கொடுத்தார். செய்தி பரவியது. “இந்த வயதில் இவருக்கு இது தேவையா?” என்ற பேச்சு அவர் காதுக்கும் எட்டியது. அவர் என்னிடம் வந்து, “ஐயா, அவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கைகுலுக்குகிறார்களே, அதைத் தவிர என் கையை யாரும் தொட்டதில்லை. நான் போவது தப்பா?” என்று கேட்டார்.

பிரியமானவர்களே, இக்கேள்வி அவரைவிட நம்மையே அதிகமாக விசாரிக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியபோது ஆலயங்கள் மூடப்பட்டன, கைகுலுக்குவதும் நின்றது. தொடுதல் இல்லாத வாழ்வு எத்தகையது என்பதை நாம் யாவரும் சில மாதங்களேனும் சுவைத்தோம். விதவைகள் பலருக்கு அது இன்னும் முடியவில்லை. நம் ஆண்டவர் ஒரு வார்த்தையால் குஷ்டரோகியைச் சுகமாக்கியிருக்கலாம். இருந்தும் கையை நீட்டி அவனைத் தொட்டார். பேதுருவின் மாமியைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மனித உடல் பிறருடைய கையை நாடும்படி படைக்கப்பட்டிருப்பதை அவர் அறிவார்.

மருத்துவ ஆய்வும் இத்திசையில் நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, 2003-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயிற்று. வாசித்தல், இசைக்கருவி மீட்டுதல் போன்றவற்றோடு, உடலியக்கம் சார்ந்த பொழுதுபோக்குகளுள் நடனம் மட்டுமே முதுமை மறதிநோய் வரும் வாய்ப்புக் குறைவோடு தொடர்புடையதாக அதில் காணப்பட்டது. நடனம் நோயைத் தடுக்கும் என்று அதைக்கொண்டு உறுதியாகச் சொல்லிவிட இயலாது. ஆயினும் அடிகளை நினைவில் வைத்து, இசையைக் கேட்டு, எதிரில் நிற்பவரைக் கவனித்துச் செயற்படுவது மூளைக்கும் கால்களுக்கும் ஒருசேரப் பயிற்சி என்பது விளங்கும். தேவாலயமாகிய நம் சரீரத்தைப் பேணுவது வீண் காரியம் அன்று.

ஆகவே அத்தாயாருக்கு நான், “அம்மா, சமாதானத்தோடு போய் வாருங்கள்” என்றே சொன்னேன். அவரைப் பற்றிப் பேசியவர்களை நோக்கி இப்போது ஒன்று சொல்லுகிறேன். தாவீது ஆடியதைப் பலகணி வழியாகப் பார்த்து இருதயத்தில் அவமதித்தவள் மீகாள். ஆடியவனை வேதம் கண்டிக்கவில்லை. அவளுடைய அவமதிப்பையே துயரத்தோடு பதிவுசெய்கிறது. ஒரு சகோதரியின் கால்கள் எங்கே போயின என்று கணக்கெடுக்கும் நேரத்தில், அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

சபை மண்டபத்தில் நடத்தலாமே?

நல்லெண்ணத்தோடு ஒருவர் மற்றொரு யோசனையை முன்வைத்தார். சல்சாவை நம் சபை மண்டபத்திலேயே, கீர்த்தனைகளின் இசைக்கு, விசுவாசிகளுக்கு மட்டும் நடத்தினால் பாதுகாப்பாக இருக்குமே என்றார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். யோசனையை ஏற்க இயலவில்லை. சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகம் 1960-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டபோது, இனப் பதற்றம் நிறைந்திருந்த இத்தீவில் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே கூரையின்கீழ்ப் பழகவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. இன்று நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூக மன்றங்கள் உள்ளன. அக்கம்பக்கத்தாரை ஆலயத்துக்கு வரும்படி நாம் பல ஆண்டுகளாக அழைத்துவருகிறோம். அவர்கள் நம்மை அழைக்கும்போது மட்டும் தனி மண்டபம் தேடுவது அழகன்று. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களை நோக்கி, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி எரேமியா கடிதம் எழுதினான். பட்டணத்தாரோடு கலவாமல் அதன் சமாதானத்தைத் தேடுவது எப்படி?

மேலும், அங்கே நாம் போதிப்பவர்களாகச் செல்வதில்லை; ஒன்றும் தெரியாத மாணவர்களாகச் செல்கிறோம். சபையில் மூப்பர், செயலாளர், ஓய்வுநாள்பள்ளி ஆசிரியர் என்றெல்லாம் மதிக்கப்படுகிறவர், வகுப்பில் இடது காலையும் வலது காலையும் குழப்பிக்கொண்டு நிற்பார். அவருடைய பாதி வயதுடைய ஒருவர் அவரைத் திருத்துவார். தாழ்மையைக் குறித்து நான் பத்துப் பிரசங்கங்களில் சொல்வதை அந்த ஒரு மணி நேரம் கற்றுக்கொடுக்கலாம்.

என் ஆலோசனை

எல்லாவற்றையும் அனுபவிக்க அதிகாரம் இருந்தாலும் எல்லாம் தகுதியாயிராது என்பதைப் பவுல் கொரிந்தியருக்கு நினைவூட்டினார். ஆகையால் சேர எண்ணுகிறவர்கள் பின்வருவனவற்றை ஜெபத்தோடு சிந்தியுங்கள்.

திருமணமானவர்கள் துணைவருக்குத் தெரியாமல் செல்லவேண்டாம். இயன்றால் இருவரும் சேர்ந்து செல்லுங்கள். துணைவருக்கு மனவருத்தம் உண்டானால், அவருடைய சமாதானம் உங்கள் விருப்பத்தைவிடப் பெரியது.

சமூக மன்றத்து வகுப்பும் மதுக்கூடங்களில் நள்ளிரவுவரை நடக்கும் சல்சா இரவுகளும் ஒன்றல்ல. முதலாவதற்குச் செல்லலாம் என்பது இரண்டாவதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பாக நம் இளைஞருக்கு இதைச் சொல்லுகிறேன்.

உங்கள் எண்ணங்கள் தடுமாறுவதாக உணர்ந்தால், அல்லது யாரேனும் வரம்பு மீறுவதாகத் தோன்றினால், தயங்காமல் வெளியேறுங்கள். போத்திபாரின் வீட்டிலிருந்து யோசேப்பு ஓடியது கோழைத்தனம் அன்று. எந்த இணையுடனும் ஆட மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஜெபக்கூட்டம் நடக்கும் மாலையிலேயே வகுப்பும் அமைந்தால், வேறு நாள் வகுப்பைத் தேடுங்கள். அடிபிடிக்கும் ரப்பர் அடிக்காலணிகள் திரும்பும்போது முழங்காலை முறுக்கிவிடும் என்பதையும் மூத்தோர் நினைவில் வையுங்கள். வழவழப்பான அடியுள்ள காலணியே ஏற்றது.

உங்கள் மனச்சாட்சி அனுமதிக்கவில்லையானால், பிறர் செல்கிறார்கள் என்பதற்காகச் செல்லாதீர்கள். சந்தேகத்தோடு செய்வது விசுவாசத்தினால் வருவதன்று என்பதே ரோமர் நிருபத்தின் பதினான்காம் அதிகாரம் நமக்குக் கற்பிப்பது. அதே அதிகாரம் இருசாராருக்கும் எல்லை வகுக்கிறது. செல்லுகிறவர் செல்லாதவரை அற்பமாய் எண்ணவேண்டாம். செல்லாதவர் செல்லுகிறவரைக் குற்றவாளியாகத் தீர்க்கவேண்டாம். இருவரும் நிற்பதும் விழுவதும் ஒரே எஜமானுக்கு முன்பாக அல்லவா?

சுருங்கச் சொன்னால், சேரலாம் என்பது என் கருத்து. ஆனால் யாரும் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மூப்பரிடமும் இதையே சொன்னேன். அவர் என் கருத்தை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் அத்தாயாரைப் பற்றி இனி யார் தம் முன்னிலையில் பேசினாலும் தடுப்பதாக வாக்களித்தார். இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். கருத்து வேறுபட்டாலும் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்களிடத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

வருகிற வாரத்தில் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் சபையில் தனித்து வாழும் ஒருவரை நேரில் சென்று சந்தியுங்கள். அவர் கையைப் பற்றி நலம் விசாரியுங்கள். அவர் நடன வகுப்புக்குப் போகிறவராயின், என்ன கற்றார் என்று கேளுங்கள், மகிழ்ச்சியோடு கேளுங்கள்.

ஜெபம்: எங்கள் பரமபிதாவே, எங்கள் சரீரங்களையும் அவற்றின் அசைவுகளையும் நீரே உண்டாக்கினீர். எங்கள் சுயாதீனத்தை அன்பினால் ஆண்டுகொள்ளும். பிறர் மகிழ்ச்சியைக் கண்டு வெளியே நிற்கும் மனத்தை எங்களிலிருந்து நீக்கும். தனிமையில் வாடுவோரின் கைகளைப் பற்ற எங்கள் கைகளைப் பயன்படுத்தும். இச்சைக்கு விலக்கி, இடறலுக்குக் காத்து, உம்முடைய சந்தோஷத்தில் எங்களை நடத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய கிருபையும் சமாதானமும் உங்கள் யாவரோடும் தங்கியிருப்பதாக.